'டம்மி' ஹோய் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வில்லியம் ஹோய் 1888 முதல் 1902 வரை அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடியவர். மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது கேட்காமல் போனது. ஊரே அவரை அழைத்த பெயர் 'டம்மி'.

தமிழில் எழுதும்போது முதல் சறுக்கல் இந்தப் பெயரில்தான். நமக்கு டம்மி என்றால் ஒன்றுக்கும் உதவாத 'டம்மி பீஸ்'. அந்தக் காலத்து அமெரிக்காவில் அது வாய் பேசாதவர்களைக் குறித்த சொல். ஹோயும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். அதனால் பெயரை மறைக்க வேண்டாம். விளக்காமல் விட்டுவிடவும் வேண்டாம். 'ஊமை ஹோய்' என்று மொழிபெயர்ப்பது இன்னும் மோசம், ஏனென்றால் அவர் குரலே எழுப்பாதவர் அல்ல. பறந்து வரும் பந்தைத் தானே பிடிக்கப்போவதாகச் சொல்ல, தொண்டையிலிருந்து ஒரு கீச்சுக்குரல் கொடுப்பார். அதைக் கேட்டதும் கூட ஆடுபவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

அடுத்தது, எல்லோருக்கும் பிடித்த கதை: அம்பயர் கையைத் தூக்கி ஸ்ட்ரைக் (பேட்டருக்கு எதிராக எண்ணப்படும் பந்து) காட்டும் வழக்கமே ஹோய்க்காக வந்தது என்பது. கேட்க இனிமையாக இருக்கிறது, எனக்கும் உண்மையாக இருக்கக் கூடாதா என்றுதான் தோன்றும். ஆனால் அந்த வழக்கம் பரவியது அவர் ஓய்வு பெற்ற பிறகு. நடந்தது வேறு. அம்பயர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள பேட் பிடிக்கும்போது ஹோய் ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் நிமிர்ந்து தயாராவதற்குள் பிட்சர், அதாவது பந்தெறிபவர், அடுத்த பந்தை எறிந்துவிடுவார். அதனால் மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் தன் அணிக்காரரிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: ஸ்ட்ரைக் என்றால் வலக்கை, 'பால்' (பிட்சருக்கு எதிராக எண்ணப்படும் தவறான வீச்சு) என்றால் இடக்கை. வழியைக் கண்டுபிடித்தது அவர். அந்தப் பெருமையை அம்பயர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

'காது கேளாத முதல் வீரர்' என்றும் எழுத வேண்டாம். காது கேளாத இன்னொரு வீரரான எட் டன்டன் 1883-லேயே ஆடிவிட்டார்.

அப்புறம் இந்த 'பாவம்' தொனியும் வேண்டாம். 1889 ஜூன் 19 அன்று, வாஷிங்டன் அணிக்காக அவுட்ஃபீல்டிலிருந்து (மைதானத்தின் தொலைவான வெளிப்பகுதி) எறிந்து, ஒரே ஆட்டத்தில் மூன்று பேரை, ஓட்டம் முடியும் இடமான ஹோம் பிளேட்டில் அவுட்டாக்கியவர் அவர். மூன்று முறையும் பந்தை வாங்கியவர், ஹோம் பிளேட்டில் நிற்கும் கேட்சரான கானி மேக். 1961 உலகத் தொடரின் (மேஜர் லீக்கின் இறுதிப் போட்டித் தொடர்) மூன்றாம் ஆட்டத்தை, சின்சினாட்டி மைதானத்தில் முதல் பந்து எறிந்து தொடங்கி வைத்தபோது ஹோய்க்கு வயது 99.