உந்த அழிவின்மை விதியைக் கணக்குகளில் பயன்படுத்தும் முறை

புறவிசை இல்லாதபோது ஓர் அமைப்பின் மொத்த உந்தம் (நிறை × திசைவேகம்) மாறாது என்பதே உந்த அழிவின்மை விதி. இதைப் பயன்படுத்த, எந்தப் பொருள்களை ஓர் அமைப்பாகக் கொள்கிறோம் என்பதையும், மோதல் நிகழும் குறுகிய நேரத்தில் உராய்வு போன்ற புறவிசைகளின் விளைவைப் புறக்கணிக்க இயலுமா என்பதையும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு ஒரு திசையை நேர்க்குறியாகக் கொள்ள வேண்டும்.

வினாடிக்கு 3 மீட்டர் திசைவேகத்தில் வரும் 20 டன் சரக்குப் பெட்டி, தண்டவாளத்தில் நிற்கும் 10 டன் பெட்டியுடன் மோதி இணைந்துகொள்கிறது எனில், மோதலுக்கு முந்தைய மொத்த உந்தமான 20 × 3 = 60 என்பதை இணைந்த நிறையான 30 டன்னால் வகுக்க, வினாடிக்கு 2 மீட்டர் கிடைக்கும். இருபுறமும் டன்னே இருப்பதால் இங்குக் கிலோகிராமாக மாற்றத் தேவையில்லை. சிறிய பெட்டியும் அதே வேகத்தில் எதிரே வந்திருந்தால் அதன் உந்தம் −30 ஆகி, விடை வினாடிக்கு 1 மீட்டராகக் குறையும். பெரும்பாலான பிழைகள் இந்தக் குறியில்தான் நேர்கின்றன.

முதல் மோதலில் இயக்க ஆற்றல் 90 கிலோஜூலிலிருந்து 60 ஆகக் குறைவதால், பொருள்கள் ஒட்டிக்கொள்ளும் கணக்குகளில் இயக்க ஆற்றலைச் சமப்படுத்தி விடை தேடுதல் கூடாது.