கோயில் அண்டாவும் காணாமல் போன டிஎல்எல்லும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு ஒரு அண்ணன் மடிக்கணினியோடு வந்தார். பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் கிராணி. செம்பனைக் குலைக் கணக்குப் போடும் பழைய மென்பொருளைப் புதுக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், திறக்கவில்லை. எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் காணவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றிருக்கிறது.

"அந்த ஃபைலை நெட்டுல தேடி இறக்கிப் போட்டுட்டேன் தம்பி. இப்ப வேற எரர் வருது."

திறந்து பார்த்தேன். 7பி என்று முடியும் நீளமான எண். எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

டிஎல்எல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் கோயில் அண்டாவைத்தான் காட்டுவேன். நான் வளர்ந்த தோட்டத்தில் மாரியம்மன் கோயில் ஸ்டோரில் பெரிய அண்டாக்கள் இருந்தன. கல்யாணமோ கருமாதியோ, சமைக்க அங்கிருந்துதான் வரும். வீட்டுக்கு வீடு சொந்தமாக வாங்கினால் லயத்தில் வைக்க இடம் ஏது? கணினியிலும் அதே ஏற்பாடுதான். பல மென்பொருள்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிடுகிறார்கள். வேண்டிய மென்பொருள் ஓடும்போது அதை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. விண்டோஸில் அதற்கு டிஎல்எல் என்று பெயர். லினக்ஸில் .எஸ்ஓ, மேக்கில் .டைலிப்.

பொதுப் பொருள் என்றால் பொதுச் சண்டையும் உண்டு. ஒருவர் விசேஷம் முடிந்ததும் அண்டாவைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார். இன்னொருவர் மூடியை மாற்றி வைத்துவிடுவார். 1990களில் விண்டோஸில் நடந்தது இதுதான். ஒரு மென்பொருளை ஏற்றினால் அது பொது ஃபைலின் மேல் தன்னுடைய பதிப்பை எழுதிவிடும், மற்றது படுத்துவிடும். 'டிஎல்எல் நரகம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். விண்டோஸ் 2000 முதல் சிஸ்டம் ஃபைல்களுக்குக் காவல் போட்டார்கள். நிலைமை நிறையத் தேறியது. இன்று வரும் தொல்லைகளில் பாதி நாமே தேடிக்கொள்பவை.

கிராணி அண்ணன் செய்ததுதான் அதில் முதலாவது: காணாமல் போன ஒற்றை ஃபைலை ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து இறக்குவது. அந்த ஃபைல் தனியாகப் பிறந்ததல்ல. எம்எஸ்விசிஆர்100 என்பது மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி++ 2010 பொதியில், அதாவது மென்பொருள்கள் ஓடத் தேவையான பொது ஃபைல்களின் மூட்டையில், ஒரு துண்டு. பெயரில் இருக்கும் எண்ணே ஊரைச் சொல்லிவிடும். 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 என்று 140 வந்தால் 2015 முதல் வந்த பதிப்புகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பொதி. பழைய விளையாட்டு டி3டிஎக்ஸ்9_43 கேட்டால், 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் பொதி வேண்டும்; டைரக்ட்எக்ஸ் என்பது விளையாட்டுகளின் படம், ஒலியைக் கவனிக்கும் விண்டோஸ் பகுதி. விண்டோஸில் புது டைரக்ட்எக்ஸ் இருந்தாலும் இது அதில் வராது. இவை எல்லாமே மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். ஊர் பேர் தெரியாத தளத்து ஃபைலில் வைரஸ் இருக்கலாம். வைரஸ் இல்லாவிட்டாலும் தப்பான பதிப்பாக இருக்கலாம்.

இவருக்கு நடந்தது இரண்டாவது வகை. மென்பொருள் 32-பிட் என்ற பழைய வகை, இறக்கிய ஃபைல் 64-பிட் என்ற புது வகை. இரண்டும் சேராது, அதனால்தான் அந்த 7பி. இந்த இடத்தில் பெயரை வைத்து ஏமாறாதவர் குறைவு. 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64-பிட் ஃபைல்கள். 32-பிட் ஃபைல்கள் இருப்பது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். யார் வைத்த பெயரோ! பொதியை ஏற்றும்போது 32-பிட்டுக்கு எக்ஸ்86, 64-பிட்டுக்கு எக்ஸ்64 என்று இரண்டு வகை இருக்கும். கணினி 64-பிட் என்பதற்காக எக்ஸ்64 மட்டும் போட்டால் 32-பிட் மென்பொருளுக்குப் பயன் இல்லை. எது என்று தெரியாவிட்டால் இரண்டையும் போட்டுவிடுங்கள், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

சரி, 2010 எக்ஸ்86 பொதியை ஏற்றினேன். திறந்தேன். மறுபடியும் 7பி. அண்ணன் என் முகத்தைப் பார்க்கிறார்.

மென்பொருள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தேன். அவர் இறக்கிய ஃபைல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. விண்டோஸ் டிஎல்எல்லைத் தேடும்போது பெரும்பாலும் முதலில் பார்ப்பது அந்த மென்பொருளின் சொந்த ஃபோல்டரைத்தான், அப்புறம்தான் சிஸ்டம் ஃபோல்டர். வாசலிலேயே தப்பான அண்டா கிடந்தால் ஸ்டோர் வரை யார் போவார்கள்? அதை அழித்தேன். கணக்குத் திரை வந்தது.

இன்னொரு தவறு நானே செய்தது. கடை போட்ட புதிதில், மளிகைக்கடைக்காரர் ஒருவரின் கணினியைச் 'சுத்தம்' செய்தேன். நிறுவிய மென்பொருள் பட்டியலில் விஷுவல் சி++ என்று ஏழெட்டு வரிகள். புதியது இருக்கப் பழையது எதற்கு என்று எல்லாவற்றையும் நீக்கினேன். மறுநாள் காலை அவருடைய பில் மென்பொருள் எழவில்லை. 2008 பொதியைக் கேட்கும் மென்பொருளுக்கு 2013 உதவாது. அந்த வரிகளைத் தொடாதீர்கள்.

'டிஎல்எல் ஃபிக்ஸர்' என்று விளம்பரம் வரும் மென்பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கில் கோளாறு காட்டும், பிறகு கார்டு நம்பர் கேட்கும். டிஎல்எல்லை விண்டோஸில் பதிவு செய்யும் ரெக்எஸ்விஆர்32 என்ற கட்டளையை ஓட்டச் சொல்வதும் எல்லா ஃபைலுக்கும் பொருந்தாது; பதிவு செய்யும்படி எழுதப்பட்ட சில டிஎல்எல்களுக்கு மட்டும்தான்.

பசங்கள் திருட்டு விளையாட்டைக் கொண்டுவந்து "ஃபைல் காணோம் அண்ணே" என்பார்கள். பெரும்பாலும் ஆன்டிவைரஸ் பிடித்துத் தனியறையில் அடைத்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் பாதுகாப்பு வரலாற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றுவதுதான் அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம். அதில் எத்தனை மடிக்கணினி பாழானது என்று எனக்குத்தான் தெரியும்.

விண்டோஸின் சொந்த ஃபைலே கெட்டுப்போவதும் உண்டு. எங்கள் பக்கம் சாயங்காலம் இடி மழை வந்தால் கரண்ட் போகும். அப்டேட் ஓடும்போது போனால் ஃபைல் பாதியில் நிற்கும். அதற்கு ஃபார்மட் செய்ய அவசரப்பட வேண்டாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் என்று தட்டுங்கள். கெட்ட ஃபைலைக் கண்டுபிடித்து நல்லதை வைக்கும். சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால் டிஐஎஸ்எம் கட்டளையால் விண்டோஸின் சேமிப்பைச் செப்பனிட்டுவிட்டு மறுபடி எஸ்எஃப்சி ஓட்டுங்கள். திரும்பத் திரும்பக் கெட்டால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள்.

கிராணி அண்ணன் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பெண்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, ஆபீசுல இன்னும் ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு. அதுலயும் இதே ஃபைலத்தான் போட்டு வச்சிருக்கேன்."