மாடல் கார் கண்ணாடியில் படிந்த வெண்புகையை நீக்கிய விதம்

1/24 அளவு கார் மாடலின் முன்கண்ணாடியை சூப்பர் க்ளூவால் ஒட்டினால், மறுநாள் ஓரமெல்லாம் வெள்ளையாகப் புகை படிந்திருக்கும். பசையின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தால் இறுகிப் படிவதுதான் காரணம். அசிட்டோனால் துடைக்கவே கூடாது. பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன கண்ணாடி கரைந்து பாழாகிவிடும்.

கண்ணாடியைக் கழற்றி, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சோப்புத் தண்ணீர் தொட்டு, வெண்மை போகும்வரை மெதுவாகத் தேய்ப்பேன். பிறகு 3000. அடுத்து, கார்களுக்கான பாலிஷை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டும். இங்கே அவசரம் ஆகாது: அழுத்தித் தேய்த்தால் சூடேறி பிளாஸ்டிக் இளகும், விரல்நுனி அழுத்தமே போதும். கழுவிக் காயவைத்து, நிறமற்ற, பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷில் (gloss) முக்கி எடுத்து, கீழ் ஓரத்தை டிஷ்யூவில் தொட்டு மிச்சத்தை வடித்துவிட்டு, டப்பாவால் மூடி 24 மணி நேரம் விட்டுவிடுவேன். மூடாவிட்டால் தூசி ஒட்டும்.

திரும்ப ஒட்ட வெள்ளை ஃபெவிகால்தான் சரி. பல்குத்தும் குச்சி நுனியால் ஓரத்தில் மட்டும் வைத்தால் போதும்; வழிந்தால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

பெயிண்டின் கனத்தால் கண்ணாடி சட்டத்தில் எளிதாகப் பொருந்தாவிட்டால், சட்டத்தின் உட்புறப் பெயிண்டைச் சுரண்டுங்கள். கண்ணாடியை அழுத்தித் திணித்தால் விரிசல் விடும். அதைச் சரிசெய்ய வழியில்லை.