ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் குரல்: ஸ்டீரியோ அமைக்கும் முறை

கோலாலம்பூர் செந்தூலில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கூடம் பன்னிரண்டடி அகலம். தரை முழுக்க டைல்ஸ், சுவர்கள் வெறும் சிமெண்டு. இப்படிப்பட்ட கூடத்துக்கு ஐந்தாறு ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன், கையிலிருக்கும் இரண்டை ஒழுங்காக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. சரியாக வைத்தால், பாடுபவரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, எதுவுமே இல்லாத இடத்திலிருந்து வரும்.

காரணம் நம் காதில் இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால், அந்த ஒலி வலக்காதுக்குச் சற்று முந்தியும் இடக்காதுக்குச் சற்றுப் பிந்தியும் சேர்கிறது. நேர்ப் பக்கவாட்டிலிருந்து வந்தால்கூட இந்த இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிவினாடிதான். கீச்சென்ற உயர்சுருதி ஒலிகளைத் தலை மறைத்துவிடுவதால், அப்பால் உள்ள காதில் அவை மெலிந்தும் கேட்கும். இவ்விரண்டு வேறுபாடுகளையும் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே ஒலியை ஒரே அளவில் தந்தால் காதுகளுக்கிடையே வேறுபாடே இராது. ஆகவே ஒலி நேர் எதிரே இருப்பதாக மூளை முடிவு கட்டும். ஒரு பக்கத்தின் அளவைக் கூட்டினால் குரலும் அப்பக்கம் நகரும். ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறை, காதின் இந்தக் கணக்கையே ஆதாரமாகக் கொண்டது.

படி 1: ஸ்பீக்கர்களை இரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்து, அதே நீளமுள்ள கயிற்றால் இரண்டிலிருந்தும் அளந்து, கயிறுகள் சந்திக்கும் இடத்தில் நாற்காலியைப் போடவும். பெட்டிக்குள் உயர்சுருதி ஒலிகளைத் தரும் சிறு வட்டமான டிவீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும்; பெட்டியைச் சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் என்னும் தாழ்சுருதி ஒலி ஊதிப் பெருகும்.

படி 2: சிவப்புக் கம்பி சிவப்பு முனையிலும் கறுப்பு கறுப்பிலும் இருக்கிறதா என்று இரண்டு பெட்டிகளிலும் பார்க்கவும். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் பேஸ் மெலியும், நடுக்குரல் இடந்தெரியாமல் சிதறும்.

படி 3: இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைத் தரும் பழைய மோனோ பாடல் ஒன்றைப் போட்டு, கண்ணை மூடிக் கேட்கவும். குரல் நடுவில் நின்றதும், 30 செண்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரைச் சாண், வலப்பக்கம் நகர்ந்து பாருங்கள். குரல் வலது ஸ்பீக்கருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது வலது ஸ்பீக்கர் 1.87 மீட்டரிலும் இடது 2.17 மீட்டரிலும் இருக்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும் ஒலிக்கு அந்த 30 செண்டிமீட்டரைக் கடக்க 0.86 மில்லிவினாடி ஆகும். முந்தி வந்த ஒலியையே மூளை பெரிதும் நம்புவதால், இந்த அற்ப நேரமே குரலை இழுத்துப் போகப் போதும். செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

படி 4: கூடத்தில் ஒருமுறை கைதட்டவும். உலோகத் தட்டில் தட்டியதுபோல் ஒலி கிணுகிணுத்தால், எதிரெதிர்ச் சுவர்கள் அதை மாறி மாறிப் பந்தாடுகின்றன என்று பொருள். நீங்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, இன்னொருவர் பக்கச் சுவரோரம் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். அதில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் முதல் எதிரொலி உங்களை வந்தடைகிறது. அவ்விடத்தில் கனத்த திரையோ புத்தக அலமாரியோ வைத்து, ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே தரையில் கம்பளம் விரிக்கவும். ஆர்வக்கோளாறில் நான்கு சுவருக்கும் திரை போட்டு, ஒரு வாரம் துணிக்கடைக்குள் அமர்ந்து கேட்பதுபோல் கேட்டிருக்கிறேன், அவ்வளவு வேண்டாம்.

படி 5: இனி 5.1, அதாவது முன்னே மூன்று, பக்கங்களில் இரண்டு என ஐந்து ஸ்பீக்கரும், பேஸுக்கென்றே தனியாக ஒன்றும் கொண்ட அமைப்பு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி நடு ஸ்பீக்கர் நேர் எதிரே, முன் இரண்டும் அந்த நேர்திசையிலிருந்து இருபுறமும் 30 பாகையில், பக்க ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னே, அமைய வேண்டும். தீபாவளிக்கு வந்த உறவினர்கள் சோபாவின் இரு ஓரத்திலும் அமர்ந்து படம் பார்க்கும்போது, மூன்றாம் படியில் கண்ட கோளாறு அவர்களுக்கு நேராமல் வசனத்தைத் திரையோடு கட்டிவைப்பது நடு ஸ்பீக்கர்தான். பக்க ஸ்பீக்கர்களோ பெரும்பாலும் மழை, கூட்டத்தின் இரைச்சல், மண்டபத்தின் எதிரொலி போன்றவற்றையே தருகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது அவை தனியே காதில் படாமலும், அணைத்தால் மட்டும் கூடம் சுருங்கியதுபோலத் தோன்றும் அளவிலும் அவற்றின் ஒலியைக் குறைத்து வைக்கவும்.