ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் சின்னத் திருத்தங்களை எப்படி எடைபோடுவது

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர்களின் கேள்வி-பதில் தளத்தில் 2,000 நற்பெயர்ப் புள்ளியை எட்டாதவர் அடுத்தவர் பதிவைத் திருத்தினால் அது உடனே ஏறாது. ரிவ்யூ வரிசையில், அதாவது மற்றவர்கள் பார்த்து முடிவு செய்வதற்கான பட்டியலில், காத்திருக்கும். 2,000 தாண்டியவர்கள் பார்த்து ஓட்டுப் போட வேண்டும். பதிவை எழுதியவர் தனி ஆளாகவே முடிவு சொல்லிவிடலாம். ஏற்கப்பட்டால் திருத்தியவருக்கு 2 புள்ளி. இந்த வழியில் ஒருவர் மொத்தம் 1,000 புள்ளிவரைதான் சேர்க்க முடியும்.

வரிசையில் வருபவற்றில் நிறைய, ஓர் எழுத்துப்பிழை, ஒரு காற்புள்ளி என்ற அளவில்தான் இருக்கும். முன்பு இவற்றைத் தள்ள ‘மிகவும் சிறியது’ என்றே ஒரு காரணம் பட்டியலில் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது ‘எந்த மேம்பாடும் இல்லை’ என்ற காரணம். ஆகவே நீளத்தை அளக்க வேண்டாம். பதிவைப் படிக்கவோ, தேடிக் கண்டுபிடிக்கவோ, சரியாகப் புரிந்துகொள்ளவோ இந்தத் திருத்தம் கொஞ்சமாவது உதவுகிறதா என்று மட்டும் பாருங்கள். தலைப்பில் ஒரு நிரல் நூலகத்தின் (லைப்ரரி) பெயர் தப்பாக இருந்து, ஓர் எழுத்தைச் சரிசெய்தால் தேடலில் அது கிடைக்கும் என்றால், அந்த ஓர் எழுத்து பத்து வரிக்குச் சமம்.

உதவாத திருத்தத்துக்குச் செலவும் உண்டு. ஏற்கப்பட்டதும் அந்தக் கேள்வி, சமீபத்திய செயல்பாட்டுப் பட்டியலின் உச்சிக்குப் போகும். ஏழு வருடப் பழைய கேள்வியை ஒரு காற்புள்ளிக்காக மேலே தூக்கினால், அங்கே இருக்க வேண்டிய புதுக் கேள்வி ஒன்று கீழே இறங்கும்.

முதலில் ஒரு பழக்கம்: பக்கத்தில் தெரியும் காட்சி வடிவத்தை மட்டும் பார்த்து ‘அப்ரூவ்’ (ஏற்பு) அழுத்தாதீர்கள். பதிவின் மூல எழுத்தை, முகவரிகள் உட்பட, அப்படியே காட்டும் மார்க்டவுன் ஒப்பீட்டுக்கு மாறுங்கள். காட்சி வடிவத்தில் சுட்டியின் சொற்கள் மட்டும் கண்ணில் படும். அதன் பின்னால் முகவரி மாறியிருப்பது தப்பிவிடலாம். ‘எழுத்துப்பிழை சரிசெய்தேன்’ என்று குறிப்பு எழுதிவிட்டு, ஆவணப் பக்கத்தின் சுட்டியைத் தன் விளம்பரத் தளத்துக்குத் திருப்புபவர்கள் உண்டு. இதை ஸ்பேம் என்ற காரணம் சொல்லித் தள்ளுங்கள். செத்துப்போன சுட்டிக்குப் பதில் அதே பக்கத்தின் புது முகவரியைத் தந்திருந்தால், திறந்து பார்த்துவிட்டு ஏற்கலாம்.

அடுத்தது ஆறு எழுத்து விதி. இந்த 2,000 புள்ளி இல்லாதவர்கள் பதிவின் உடலில் குறைந்தது 6 எழுத்துகளையாவது மாற்றியாக வேண்டும். உண்மையான பிழை ஓர் எழுத்துதான் என்றால், மீதி ஐந்தை நிரப்பத் தேவையில்லாமல் ஒரு சொல்லை மாற்றுவார்கள். நிரப்பல் கெடுதல் செய்யாதது, திருத்தம் பயனுள்ளது என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். நிரப்பலே பொருளை மாற்றுகிறது என்றால் ‘இம்ப்ரூவ் எடிட்’ (ஏற்றுக்கொண்டு மேலும் திருத்தும் பொத்தான்) அழுத்தி அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அதிகம் சறுக்குவது நிரல் துண்டுகளில்தான். கேள்வியில் இருக்கும் நிரலைத் தொடும் திருத்தத்தை, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், சந்தேகத்தோடே பாருங்கள். பைத்தான் நிரல் ஓடவில்லை என்று ஒருவர் கேட்கிறார். திருத்துபவர் வரி உள்தள்ளலை, அதாவது வரித் தொடக்கத்து இடைவெளியை, அழகாகச் சரிசெய்கிறார். அந்த உள்தள்ளல்தான் பிழைக்கே காரணம் என்றால் கேள்வியே காணாமல் போய்விட்டது! விட்டுப்போன அடைப்புக்குறி, தவறாக எழுதிய மாறிப் பெயர் எல்லாம் இதே கதைதான். தள்ளிவிட்டு, ‘எழுதியவரின் நோக்கத்துக்கு மாறானது’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். நிரலாகக் காட்டப்படாமல் பத்தியோடு ஒட்டிக் கிடப்பதை, உள்ளே எதையும் மாற்றாமல், நிரல் கட்டத்துக்குள் போடுவது மட்டும் நல்ல திருத்தம்.

பதிலில் இருக்கும் நிரல் வேறு கணக்கு. பட்டவர்த்தனமான தட்டச்சுப் பிழை என்றால், அதுவும் அந்த மொழி உங்களுக்குத் தெரியும் என்றால், ஏற்கலாம். பைத்தான் 2-க்கு எழுதிய பழைய பதிலைப் பைத்தான் 3-க்கு மாற்றுவது தட்டச்சுப் பிழைத் திருத்தம் ஆகாது. 2-க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்ல வேண்டிய இடம் கருத்துப் பெட்டி, அல்லது புதிய பதில்.

தயங்காமல் தள்ள வேண்டியவை சில: பைத்தான், கூகுள் போன்ற சாதாரணப் பெயர்களுக்கு நிரல் வடிவம் தருவது, கண்ட சொல்லையெல்லாம் தடித்த எழுத்தாக்குவது, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலை அமெரிக்கமாக்குவது, ஜாவாஸ்கிரிப்ட் கேள்விக்கு ஜாவா குறிச்சொல் சேர்ப்பது (இரண்டும் வேறு வேறு மொழிகள்). ‘முன்கூட்டியே நன்றி’ என்ற வரியை நீக்குவது தளத்தின் வழக்கத்துக்கு ஏற்றதுதான். ஆனால் பதிவு முழுக்கக் குளறுபடியாக இருக்க, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு 2 புள்ளி கேட்டால், வேலை பாதியில் நிற்கிறது.

அப்படிப் பாதியில் நிற்பவற்றுக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு, இவற்றைக் குழப்பிக்கொள்வது சகஜம். ‘இம்ப்ரூவ் எடிட்’ அழுத்தினால் முதல் திருத்தம் ஏற்கப்பட்டதாகவே கணக்கு. மீதியை நீங்கள் சேர்க்கிறீர்கள். ‘ரிஜெக்ட் அண்ட் எடிட்’ என்றால் அவர் செய்தது தள்ளப்படும், உங்கள் திருத்தம் மட்டும் ஏறும். செய்தவரை சரியாகத்தான் செய்தார், மிச்சம் விட்டுவிட்டார் என்றால் முதலாவது. செய்ததே வீண், ஆனால் பதிவுக்குத் திருத்தம் தேவை என்றால் இரண்டாவது.

வரிசையில் இடையிடையே தளமே போலித் திருத்தங்களைச் சொருகி உங்களைச் சோதிக்கும். படிக்காமல் அழுத்திக்கொண்டே போனால் அங்கே மாட்டுவீர்கள்; திரும்பத் திரும்பத் தவறினால் ரிவ்யூ செய்யச் சில நாள் தடை வரும். தெரியாத மொழி, புரியாத துறை என்றால் ‘ஸ்கிப்’ அழுத்துங்கள். அதற்கு எந்தப் புள்ளியும் குறையாது.