கலையைப் பார்க்கப் பழகுவோம்: செட்டிநாட்டில் ஒரு பகல் பயிற்சி

"எனக்கு இந்த ஓவியம், சிற்பமெல்லாம் புரியாது" என்று யாராவது சொன்னால் அவர்களைச் செட்டிநாட்டு ஊர் ஒன்றுக்கு அழைத்துப்போகத் தோன்றும். இங்கே கலையைத் தேடி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை. தலைக்கு மேலே சுண்ணாம்புச் சாந்தில் செய்த சுதைச் சிற்பம், கைக்கெட்டும் இடத்தில் மர வேலைப்பாடு, காலடியில் பூப்போட்ட கல். எங்கும் இருப்பதாலேயே யாரும் நின்று பார்ப்பதில்லை. காரைக்குடியில் வளர்ந்த நானும் பல வருடம் அப்படித்தான் கடந்துபோனேன்.

பார்க்கத் தொடங்குவதற்கு எனக்கு ஒரே கேள்வி உதவியது: இதைச் செய்தவர், செய்துகொண்டிருந்தபோது எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? நமக்குத் தெரிகிற காட்சி அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா? கீழே உள்ள ஐந்து படிகளும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பதுதான்.

தேவையானவை ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு முழுப் பகல். செல்பேசி முதல் அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். படம் எடுத்துவிட்டால், பார்த்துவிட்டோம் என்று மனம் முடிவு செய்துகொள்கிறது.

படி 1: தெருவிலேயே நில்லுங்கள்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டின் எதிர்ப்பக்கம் நின்று முகப்பை மேலிருந்து கீழாகப் பாருங்கள். உச்சியில் பெரும்பாலும் தாமரையில் அமர்ந்த லட்சுமியும் இருபுறம் யானைகளும் இருப்பார்கள். சில வீடுகளில் பக்கத்திலேயே சீருடை அணிந்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியோடு நிற்பார். அவர் ஏன் அங்கே என்று உடனே விடை தேட வேண்டாம். "சிப்பாய், லட்சுமி, ஒரே சுவர்" என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு யோசியுங்கள். வீட்டைக் கட்டியவர்கள் பர்மா, இலங்கை, மலேயா என்று கொடுக்கல் வாங்கலுக்குப் போன நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கப்பலில் வந்த காலம் அது. வீட்டுக்குள் இருப்பவர்களால் முகப்பைப் பார்க்க முடியாது. அது முழுக்க முழுக்கத் தெருவில் போகிறவருக்காகச் செய்தது. சாரத்தில் ஏறி, சுதையை முகத்துக்கு நேராக வைத்துக் குழைத்த கொத்தனாரும் அண்ணாந்து பார்க்கப்போகிற உங்களை மனத்தில் வைத்தே வேலை செய்திருக்க வேண்டும்.

படி 2: நிலைவாசலில் கையை வையுங்கள்

வீட்டாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். சிலவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடுகிறார்கள். நிலையில் செதுக்கிய கொடியையும் கிளியையும் விரலால் மெல்லத் தடவுங்கள். கை படுகிற உயரத்தில் மரம் வழவழப்பாகவும், எட்டாத உயரத்தில் உளியின் கூர்மை குறையாமலும் இருப்பது தெரியும். தலைமுறை தலைமுறையாக உள்ளே போனவர்கள், வந்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து செய்த வேலை அது. ஆசாரி செதுக்கியது பாதிதான்.

படி 3: தரையைத் தலைகீழாகப் பாருங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். எனக்கு எல்லாவற்றையும் மாற்றிக் காட்டியது இதுதான்.

ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் (டைல்) செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். சதுரக் கண்ணாடி ஒன்றைத் துடைத்து, அதன் மேல் இரும்புச் சட்டத்தை வைப்பார்கள். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தடுப்புகள் உள்ள அச்சு. சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் மொண்டு, சிவப்பு ஓர் அறைக்குள், பச்சை ஓர் அறைக்குள் என்று ஊற்றுவார்கள். அச்சை மெதுவாக மேலே தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அந்த அழகைப் பார்த்து முடிப்பதற்குள் அதன் மேல் உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவிவிடுவார்கள். அதற்கும் மேலே சாந்து. பூ முழுக்க மறைந்துபோகும். சூளை கிடையாது, தண்ணீரும் வெயிலும்தான். கடைசியில் கண்ணாடி கழன்று வரும்போதுதான் பூவின் முகம் முதல்முறையாக வெளிச்சத்துக்கு வருகிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

அதாவது, ஊற்றியவர் பார்த்துக்கொண்டிருந்தது பூவின் முதுகை. முகம் நம் பக்கம் திரும்பியிருந்தது. இதை உணர்ந்த அன்று எங்கள் வீட்டுத் தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் இதழின் சிவப்பு பக்கத்துப் பச்சைக்குள் இலேசாகக் கசிந்திருந்தது. முன்பெல்லாம் அதைப் பழுது என்று நினைத்திருக்கிறேன். அச்சைத் தூக்கிய கை அந்த ஒரு நொடியில் எவ்வளவு அசைந்தது என்பது அந்தக் கசிவில் அப்படியே இருக்கிறது.

இப்போது நீங்களே செய்து பாருங்கள். பழைய போட்டோ சட்டத்தின் கண்ணாடியை எடுத்து (விளிம்பு கையைக் கிழிக்கும், கவனம்) அதன் பின்புறம் பெயிண்டால் ஒரு முகம் வரையுங்கள். வழக்கமான வரிசை இங்கே செல்லாது. முதலில் கருவிழி, பிறகு கண்ணின் வெள்ளை, பிறகு பொட்டு, அதன் பிறகே தோலின் நிறம், எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. இப்படிக் கண்ணாடியின் பின்புறம் எழுதுவதுதான் கண்ணாடி ஓவியம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். இனி அங்கே போனால், சாமியின் வலது கை இடது கையாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சுப் படத்தை வைத்து அப்படியே கண்ணாடியில் எழுதினால் வலம் இடமாகிவிடும்.

படி 4: மாக்கோலம் போடுங்கள்

பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்துத் தண்ணீராகக் கரையுங்கள். சின்னத் துணியை அதில் நனைத்து உள்ளங்கைக்குள் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினால் மோதிர விரல் வழியாக மாவு இழையாக இறங்கும். முதலில் நேர்கோடு மட்டும் பழகினால் போதும்.

போடும்போது கோடு சரியாகவே தெரியாது. ஈரத் தரையில் ஈரம். என் அப்பத்தா நடுவீட்டில் கோலம் போட்டு முடித்ததும், "கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்" என்பார். நான் போகாமல் காத்திருப்பேன். முதலில் போட்ட மூலை முதலில் காயும். அங்கிருந்து வெள்ளை மெல்லப் பரவிக்கொண்டே வந்து, அவர் எழுந்த இடத்தில் முடியும். அவர் அதற்குள் அடுப்படிக்குப் போயிருப்பார்.

படி 5: மாலையில் குதிரைகளிடம் போங்கள்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில் நமணசமுத்திரம் இருக்கிறது. பஸ்ஸில் போகலாம். அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியின் இருபுறமும் சுடுமண் குதிரைகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்துப் பென்சிலால் வரையுங்கள். கோடு கோணலானால் பரவாயில்லை. வரையும்போதுதான் கழுத்து மணியையும் சேணத்தையும் கண் உண்மையில் பார்க்கிறது.

இந்த வட்டாரத்தில் புரவியெடுப்புக்கு, அதாவது மண்குதிரைகளை அய்யனாருக்கு எடுத்துச் செல்லும் திருவிழாவுக்கு, நாள் குறித்ததும், ஊரார் ஒரு பிடி மண் எடுத்து, குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் கொடுப்பது வழக்கம். பிடிமண் என்று பெயர். அந்த மண்ணை வாங்கிக்கொண்ட பிறகே வேலை தொடங்கும். பார்க்கப்போகிறவர்கள் கொடுத்த மண்ணிலிருந்தே சிற்பம் பிறக்கிறது. குதிரை முழுதாக முடிந்து சுட்டு வண்ணம் பூசிய பிறகும் கண் திறக்காமல் இருக்கும். திருவிழா நாளில், ஊர் கூடிய பிறகே கண் திறப்பார்கள். கண்ணாடியில் முதலில் எழுதிய கண், இங்கே கடைசியில் வருகிறது.

உங்கள் நோட்டில் இருக்கும் குதிரைக்கும் கண்ணை இப்போது போட வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போய், அதைப் பார்க்கிற முதல் ஆளிடம் பென்சிலைக் கொடுங்கள்.