ஜப்பானுக்குப் புதிதா? முதலில் ‘கி’யைப் பிடித்துக்கொள்ளுங்கள்

டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். நான் எழுதிய நிரலை அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் திரையில் மெல்ல உருட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, “கொக்கோ, ச்சொத்தோ கி நி நரிமாஸ் நே” என்றார். ‘கி நி நரு’ என்றால் ஆர்வம் உண்டாவது என்று எங்கேயோ படித்திருந்தேன். என் கைவண்ணம் அவரைக் கவர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று பூரித்துப்போய், குனிந்து நன்றி சொன்னேன். மறுநாளும் அதே வரி, அதே தலைச்சாய்ப்பு, அதே வாக்கியம். நானும் அதே நன்றியைச் சொன்னேன். மூன்றாம் நாள் பக்கத்து மேசைக்காரர், அவரும் நம் ஊர்ப் பக்கம்தான், என் காதோரம் சொன்னார்: “தம்பி, அவர் பாராட்டவில்லை. அதைத் திருத்து என்கிறார்.”

ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வின் தொடக்க நிலைகளான என்5, என்4 இரண்டையும் முடித்துவிட்டு விமானம் ஏறுகிறவர்களுக்கு மகிழ்ச்சி, துக்கம், பயம் ஆகியவற்றுக்கான சொற்கள் தெரிந்திருக்கும். உரெஷீ, கனஷீ, கோவாய் எல்லாம் மனப்பாடம். ஆனால் இங்கே உத்தரவும் மறுப்பும் குறை சொல்வதும் மனநிலையைச் சொல்லும் மரபுத்தொடர்களுக்குள் ஒளிந்துகொண்டு வருகின்றன. ‘இது தவறு’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘இது என் மனதை உறுத்துகிறது’ என்பார்கள். உறுத்தலை நீக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

இந்தத் தொடர்களில் பல ‘கி’ என்ற ஒற்றை எழுத்தைச் சுற்றி வருபவை. மூச்சு, ஆவி, மன ஓட்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். கெங்கி (நலம்), ப்யோக்கி (நோய்), தெங்கி (வானிலை), தென்கி (மின்சாரம்) ஆகியவற்றில் வரும் ‘கி’யும் இதுதான். இதயம், உள்ளம் என்ற பொருளில் ‘கொக்கொரோ’ தனியாக இருக்கிறது. தமிழனுக்கு ஒரு வசதி உண்டு. ‘கி’ வரும் இடத்தில் ‘மனம்’ என்று போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். ‘நி’யை நம்முடைய ‘கு’ அல்லது ‘இல்’ உருபாகவும், ‘ஓ’வை ‘ஐ’யாகவும் கொள்ளுங்கள். ‘கா’ எழுவாயைக் காட்டுகிறது. வினை கடைசியில் வருவது இரு மொழிக்கும் பொது. எனவே ‘கி நி இரு’ மனதுக்குப் பிடிப்பது. ‘கி கா அவு’ மனம் ஒத்துப்போவது. ‘கி கா சுசுமனாய்’ மனம் வரவில்லை. ‘கி கா சுமு’ என்பது மனம் ஆறுவது: “அவனை நாலு வார்த்தை கேட்டால்தான் மனம் ஆறும்” என்கிறோமே, அந்த ஆறுதல். ஆங்கிலம் வழியாக இவற்றைப் படிக்கும் நண்பர்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தமிழ் வழியாகவே படியுங்கள்.

பொருந்தாத இடங்களில்தான் வழுக்கும். ‘கி கா ஓமோய்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் மனம் கனக்கிறது. நமக்கு மனம் கனப்பது துக்கத்தில். இங்கே அது பெரும்பாலும் இனிமேல் செய்யவேண்டிய ஏதோ ஒன்றை நினைத்து வரும் சுணக்கம்; திங்கட்கிழமைக் கூட்டத்தை ஞாயிறு மாலை நினைக்கும்போது வருவது. ‘கி கா மிஜிகாய்’, அதாவது குட்டை மனம், கஞ்சத்தனம் அல்ல, பொறுமையின்மை. முன்கோபிக்கும் அவசரக்குடுக்கைக்கும் அதே சொல். எதிர்ச்சொல் ‘கி கா நகாய்’, நீள மனம், நிதானம். ‘கி கா ஹிக்கெரு’ என்பது மனம் பின்வாங்குவது, கூச்சப்படுவது. ஒருவர் உங்களுக்குப் பரிசு தரும்போது, “இவ்வளவு பெரிய பொருளை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது” என்று சொல்ல இதைவிட நல்ல தொடர் இல்லை.

மறுபடியும் ‘கி நி நரு’வுக்கு வருகிறேன், ஏனென்றால் இது மூன்று முகம் கொண்டது. கடை வாசலில் புதிய பலகாரத்தைப் பார்த்துச் சொன்னால் ஆர்வம். அறிக்கையைப் பார்த்துச் சொன்னால் குறை. ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னால் காதலின் முதல் படி. காய்ச்சலில் விடுப்பு எடுத்துத் திரும்பிய சக ஊழியரிடம், ‘உங்களை நினைத்துக்கொண்டே இருந்தேன்’ என்ற நல்லெண்ணத்தில் இந்தத் தொடரைப் பயன்படுத்திவிடாதீர்கள். கவலைப்பட்டேன் என்பதற்கு ‘ஷின்பாய் ஷிமாஷித்தா’ இருக்கிறது. அது போதும், வம்பில்லை. யாராவது மன்னிப்புக் கேட்டால் ‘கி நி ஷினைதே’ என்று சொல்லிவிடலாம். மனதில் வைத்துக்கொள்ளாதே என்பது. மேலாளரிடம் இது ஒட்டாது. அங்கே ‘ஓ-கி நி நசராசு’ என்ற மரியாதை வடிவம் வேண்டும்.

மறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவரை வீட்டுக்கு அழைக்கிறீர்கள். “கி கா முயித்தரா இகிமாஸ்” என்கிறார்: மனம் அந்தப் பக்கம் திரும்பினால் வருகிறேன். அவருக்கும் சேர்த்து இட்லி மாவு அரைக்க வேண்டாம். “அன்றைக்கு ச்சொத்தோ…” என்று பாதியில் நிறுத்தினாலும் அதுதான். ‘ச்சொத்தோ’ என்றால் ‘கொஞ்சம்’. அதன் பிறகு வரும் மௌனம்தான் பதில். ‘என்ன கொஞ்சம்?’ என்று நான் ஒரு முறை கேட்டேன். அவர் முகம் சிவந்ததை இன்னும் மறக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ளும் திறனுக்கு ‘கூக்கி ஓ யோமு’, காற்றைப் படிப்பது, என்று பெயர். நம்மிடம் குறிப்பறிதல் என்ற அருமையான சொல் இருக்கிறது. என்ன, நாம் அதைப் பெரிய விஷயமாக வைத்திருக்கிறோம். இங்கே அது எல்லோருக்கும் அன்றாட வேலை. சொல்லாமலே பிறர் தேவையை அறிந்து, விருந்தில் எதிரில் இருப்பவருக்குத் தட்டை எடுத்து வைப்பவரை ‘கி கா கிக்கு’ என்று புகழ்வார்கள். அந்தப் புகழ் உங்களுக்குக் கிடைத்தால் ஒரு வருடச் சம்பள உயர்வுக்குச் சமம் என்பது என் கணக்கு.

வயிறும் பூச்சியும்

கோபம் ஜப்பானியருக்கு வயிற்றில். ‘ஹரா கா தட்சு’: வயிறு எழுந்து நிற்கிறது. வெடிக்கும் கோபம் என்றால் தலைக்கு ஏறும், ‘அத்தாமா நி குரு’. நமக்கும் கோபம் தலைக்கேறும். ஆனால் நம் வயிறு எரிவது பொறாமையிலும் ஆற்றாமையிலும். ‘வயிறு எரிகிறது’ என்பதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னீர்களானால், உங்கள் மேசைக்கு ஒரு மாத்திரை அட்டை வந்து சேரும். கருத்த வயிறு, ‘ஹராகுரோய்’, என்றால் உள்ளுக்குள் சூழ்ச்சி வைத்திருப்பவர். உடல்நலக் குறையிலும் இரு மொழியும் கைகோத்துக்கொள்கின்றன: நெஞ்செரிச்சலுக்கு ‘முனேயாக்கே’, முனே நெஞ்சு, யாக்கே எரிதல்.

காது வலிக்கிறது, ‘மிமி கா இத்தாய்’, என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் மருத்துவரிடம் போகச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன உண்மை அவருக்கு உறைத்துவிட்டது. ‘அத்தாமா கா அகாரனாய்’, தலை நிமிரவில்லை, என்பது அவமானம் அல்ல, நன்றிக்கடன். புதிதாக வந்தபோது வீடு பிடிக்க உத்தரவாதம் தந்தவரைப் பற்றி இதைச் சொல்லலாம்.

எனக்கு மிகவும் பிடித்தவை பூச்சித் தொடர்கள். காரணமில்லாமல் எரிந்து விழுகிறவரைப் பற்றி ‘முஷி நோ இதோகோரோ கா வருய்’ என்பார்கள்: அவருக்குள் இருக்கும் பூச்சி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஏதோ நடக்கப்போகிறது என்று உள்ளுக்குள் தட்டினால் ‘முஷி நோ ஷிராசே’, பூச்சி அனுப்பிய சேதி. நாம் பல்லி சொல்லிற்று என்கிறோம். அது சுவரில் இருக்கிறது, இவர்களுடையது வயிற்றில். வேடிக்கைப் பேச்சாகத் தோன்றினாலும் ஒரு காலத்தில் இதை மருத்துவமாகவே நம்பினார்கள். 1568இல் எழுதப்பட்ட ஒரு மருத்துவச் சுவடி, உடலுக்குள் குடியிருந்து நோய் தரும் 63 பூச்சிகளை வண்ணத்தில் வரைந்து காட்டுகிறது. ஃபுக்குவோகா பக்கம் போனால் தசைஃபுவில் உள்ள கியூஷு தேசிய அருங்காட்சியகத்தை எட்டிப் பாருங்கள். அந்தச் சுவடி அவர்களிடம்தான் இருக்கிறது. அதில் உள்ள பூச்சிகள் பயமுறுத்தவில்லை. சில, பார்க்கப் பாவமாகக்கூட இருக்கின்றன.

இரட்டைக்கிளவி தெரிந்தவர்களுக்கு

படபடப்பு, கலகலப்பு, நொறுநொறு என்று வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி இனிக்கும். நெஞ்சு படபடப்பது ‘டொக்கி டொக்கி’. நல்ல எதிர்பார்ப்பில் துள்ளுவது ‘வக்கு வக்கு’. எரிச்சல் ‘இர இர’. இருப்புக் கொள்ளாமல் தவிப்பது ‘சொவா சொவா’. மனதில் மூட்டம் போட்டதுபோல் தெளிவில்லாமல் கிடப்பது ‘மொயா மொயா’. இந்தச் சொல்லைத் தமிழுக்குக் கடன் வாங்கலாம் என்றே எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளியில் படித்தோம். இங்கே சில சமயம் தரும்: ‘டொக்கி’யை ஒரே முறை வெட்டி, ‘டொக்கித்தோ ஷித்தா’ என்றால், ஒரு கணம் திடுக்கிட்டது.

இவை குழந்தைப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டால் மருத்துவமனையில் மாட்டிக்கொள்வீர்கள். எப்படி வலிக்கிறது என்று மருத்துவர் கேட்பது இந்தச் சொற்களில்தான். விண்விண் என்று தெறித்தால் ‘ஸுக்கி ஸுக்கி’. சுருக் சுருக் என்று குத்தினால் ‘ச்சிக்கு ச்சிக்கு’. மண்டையில் சம்மட்டி அடித்தால் ‘கன் கன்’. வயிற்றைத் திருகிப் பிடித்தால் ‘கிரி கிரி’. குமட்டலுக்கு ‘முக்கா முக்கா’. ஆனால் மருத்துவமனைக்கு வெளியே அதே சொல் கோபத்துக்கும் வரும். என் தலைவலியை ‘மிகவும் வலி, மிகவும் வலி’ என்று கால் மணி நேரம் விளக்கிய எனக்கு, ‘கன் கன்?’ என்று மருத்துவர் கேட்டபோது வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இந்த ஐந்தையும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் மனம்

தன் உணர்ச்சியைச் சொல்லும் சொல்லை இன்னொருவருக்கு அப்படியே போட முடியாது. ‘எனக்கு மகிழ்ச்சி’ என்பதற்கு உரெஷீ. அவருக்கு மகிழ்ச்சி என்றால் ‘உரெஷிசோ’, மகிழ்ச்சியாக இருப்பதுபோல் தெரிகிறது. அடுத்தவர் மனதுக்குள் நீங்கள் போய்ப் பார்க்கவில்லையே என்ற நியாயம் இலக்கணத்திலேயே இருக்கிறது. குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பவர்கள் இதை முதல் வாரமே சந்திப்பார்கள். அங்கே தினமும் ஒரு தொடர்பு நோட்டு, ‘ரென்ராக்குச்சோ’, வீட்டுக்கு வரும். எங்கள் மகளின் இரண்டாம் நாள் நோட்டில் ‘சுக்கோஷி சபிஷிசோ தெஷித்தா’ என்று ஆசிரியை எழுதியிருந்தார். கைப்பேசி மொழிபெயர்ப்பு அதை ‘தனிமையில் இருந்தாள்’ என்று காட்ட, என் மனைவி பதறிவிட்டார். அது ‘கொஞ்சம் ஏங்கியதுபோல் தெரிந்தது’ என்பதுதான். அடுத்த வரியில் மதியச் சோற்றை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள் என்றும் இருந்தது. முதல் வரியோடு பதறியவர்கள் நாங்கள்.

வந்த புதிதில் உங்கள் மனநிலைக்குப் பொருத்தமான சொல் ஒன்று உண்டு: ‘கொக்கொரோபோசோய்’. உள்ளம் மெலிந்திருக்கிறது, துணையில்லாமல் நைந்திருப்பது. நாம் நொந்து நூலாவது போலத்தான். வெறும் ‘சபிஷீ’ (ஏக்கமாக, தனிமையாக இருக்கிறது) என்று சொல்வதைவிட இது கேட்பவரை நெருங்க வைக்கும். யாராவது கூட வந்து வார்டு அலுவலகத்தில் நின்றால் ‘கொக்கொரோசுயோய்’, உள்ளம் பலமாயிற்று, என்று சொல்லுங்கள். அதோடு, தினமும் பார்க்கிறவரிடம் ‘ஓ-கெங்கி தெஸ்கா’ என்று காலை தவறாமல் கேட்பதை விட்டுவிடுங்கள். அது நெடுநாள் கழித்துச் சந்திப்பவரிடம் கேட்பது.

களைப்புக்கு மட்டும் ஊருக்கு ஒரு சொல். பாடப்புத்தகத்தில் ‘ட்சுக்காரெத்தா’. ஒசாக்காவில் ‘ஷிந்தோய்’, இது இப்போது டோக்கியோவிலும் காதில் விழுகிறது. நகோயா, தொயோத்தா பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் ‘எராய்’ என்பதைக் கேட்பார்கள். பொதுமொழியில் அது ‘மேன்மையானவர்’. அங்கே உடம்பு அசந்துவிட்டது என்று பொருள். ஹொக்காய்தோவில் ‘கோவாய்’. பயம் என்று நீங்கள் மனப்பாடம் செய்த அதே சொல்தான். சப்போரோவில் பக்கத்து வீட்டுப் பாட்டி பனியைத் தள்ளி முடித்துவிட்டு உங்கள் வாசலில் வந்து நின்று “கோவாய், கோவாய்” என்றால், பின்னால் என்ன வருகிறது என்று பார்க்காதீர்கள். ஒரு நாற்காலியை எடுத்துப் போடுங்கள்.